ஹாடிக்ஸ் தோற்ற ஆட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் விளையாட்டுக் கணக்குகள் பற்றி எழுதிய குறிப்பில், ‘ஹார்வி ஹாடிக்ஸுக்கு ஆனது மாதிரி’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள். யாரவர் என்று தேடப்போய் ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

நான் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கிரிக்கெட் ஸ்கோர் அத்துப்படி. பேஸ்பால் சுத்தமாகத் தெரியாது. எனக்குப் புரிந்தவரை, 1959இல் ஹாடிக்ஸ் என்ற பிட்சர் (பந்து வீசுகிறவர்) எதிரணியின் 36 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருக்கிறார். அதுவரை ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. ஆட்டம் முடியும்வரை அவர் கொடுத்தது ஒரே ஒரு ஹிட். எதிரணி பிட்சர் கொடுத்தது 12. தோற்றவர் ஹாடிக்ஸ்! போதாக்குறைக்கு 1991இல் ஒரு கமிட்டி கூடி அந்த ஆட்டத்தைச் சாதனைப் பட்டியலில் இருந்தே தூக்கிவிட்டதாம். 27 பேரை வீழ்த்தியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், 36 பேரை வீழ்த்தியவர் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

எண்களை நம்பலாம் என்று சொல்கிறவர் நீங்கள். இங்கே எண்கள் ஒரு மனிதனின் உழைப்பைத் திருடிவிட்டன என்றே எனக்குப் படுகிறது. புள்ளிவிவரத்தால் ஓர் ஆட்டத்தைப் பிடித்து வைக்க முடியாது என்று இப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா?

அன்புடன்,
ர., கோவை

*

அன்புள்ள ர.,

ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹாடிக்ஸுக்கு அநியாயம் நடந்தது, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் ஆள் மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். 1991 கமிட்டியின் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. வேறு ஒரு கணக்கின் மேல்தான் கோபம். அதற்கு வருவதற்கு முன் அன்றிரவு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போலவே பேஸ்பால் தெரியாதவர்கள்தான் இங்கே அதிகம்.

அடிப்படை இவ்வளவுதான். ஓர் அணிக்கு 9 பேர். மைதானத்தில் நான்கு மூலைகள், அவைதான் பேஸ். மட்டையெடுத்தவர் அவற்றைச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் எதிரணி மட்டையெடுக்க வரும். இரு அணிகளும் ஒருமுறை ஆடினால் ஓர் இன்னிங்ஸ். 9 இன்னிங்ஸ் முடிந்து சமமாக இருந்தால், டிரா என்று கைகுலுக்கிக் கலைகிற வழக்கம் அங்கே இல்லை. யாராவது ஜெயிக்கும்வரை இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருக்கும். 9 இன்னிங்ஸுக்கு 27 அவுட். அந்த 27 பேரும் வந்த வழியே திரும்பி, ஒருவர்கூட எந்த வழியிலும் முதல் பேஸை எட்டாமல் ஆட்டம் முடிந்தால் அது பெர்ஃபெக்ட் கேம். ஹிட் (அடித்து பேஸை எட்டுவது), வாக் (பிட்சர் நான்கு பந்துகளைத் தப்பாக வீசினால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), ஃபீல்டரின் தவறு, எதுவுமே கூடாது. ஒன்றரை நூற்றாண்டுக்கு அருகில் வரும் மேஜர் லீக் வரலாற்றில், 2023 வரை இப்படி அமைந்த ஆட்டங்கள் 24. வேர்ல்ட் சீரிஸில் (இரு லீகுகளின் முதலிட அணிகள் மோதும் இறுதித் தொடர்) ஒரே ஒன்று, 1956இல் டான் லார்சன் வீசியது.

1959 மே 26, மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியம். பார்வையாளர்கள் 19,194 பேர். உள்ளூர் அணி மில்வாக்கி பிரேவ்ஸ். 1957இல் உலகச் சாம்பியன், 1958இலும் நேஷனல் லீகில் முதலிடம். எடி மேத்யூஸ், ஹாங்க் ஆரன், ஜோ ஆட்காக் என்று மூன்று இடிகள் வரிசையாக நிற்கும் அணி. ஆரன் அந்த ஆண்டு .355 சராசரியோடு லீகின் பேட்டிங் பட்டத்தை வென்றார். ஆட்காக் 1954இல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தவர்.

இவர்களுக்கு எதிரே பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் ஹாடிக்ஸ். 33 வயது, ஐந்தடி ஒன்பது அங்குலம், இடதுகை. ஃப்ளூ காய்ச்சலோடு வந்திருந்தார். பட்டப்பெயர் ‘பூனைக்குட்டி’. செயின்ட் லூயி அணியில் அவருக்கு முன்னோடியாக இருந்த ஹாரி பிரெக்கீனுக்குப் ‘பூனை’ என்று பெயர், சாயலில் இவர் அவரை ஒத்திருந்தாராம். அந்த வருடம் ஜனவரியில்தான் சின்சினாட்டியில் இருந்து பிட்ஸ்பர்க் வந்திருந்தார். அதே பரிமாற்றத்தில் அவரோடு சேர்ந்து வந்தவர்கள் இருவர்: மட்டைக்காரருக்குப் பின்னால் குத்தவைத்துப் பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஸ்மோக்கி பர்ஜஸ், மூன்றாவது பேஸில் நிற்கும் டான் ஹோக். இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைரேட்ஸ் தன் முழு பலத்தோடும் இறங்கவில்லை. ரொபர்ட்டோ கிளெமென்டே ஆடவில்லை, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் டிக் க்ரோட் ஆடவில்லை. மூன்றாவது இன்னிங்ஸில் பேஸில் இருந்த ரோமன் மெஹியாஸ், ஹாடிக்ஸே அடித்த ஒரு பந்துக்கு மூன்றாவது பேஸ்வரை ஓடப்பார்த்து அவுட் ஆனார். அடுத்து வந்த டிக் ஸ்கோஃபீல்ட் அடித்தது சிங்கிள், அதாவது ஒரு பேஸுக்கான ஹிட். மெஹியாஸ் பேசாமல் இரண்டாவது பேஸிலேயே நின்றிருந்தால் ரன் வந்திருக்க வாய்ப்புண்டு. ஏழாவதில் பாப் ஸ்கின்னர் தூக்கியடித்த பந்து வேலியைத் தாண்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, எதிர்க்காற்று தள்ளிவிட்டு ஆரன் கையில் விழுந்தது. பத்தாவதில் மாற்று ஆட்டக்காரராக வந்த டிக் ஸ்டூவர்ட்டும் ஒன்றைத் தூக்கினார், அதுவும் பிடிபட்டது. ஒரே ஒரு ரன், எந்த இன்னிங்ஸில் வந்திருந்தாலும் போதும். ஒன்பதோடோ பத்தோடோ ஆட்டம் முடிந்திருக்கும், நீங்களும் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள்.

மறுபக்கம் ஹாடிக்ஸ் பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தார். பெரும்பாலும் இரண்டே வகைப் பந்துகள், வேகப்பந்தும், கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரும். ஒன்பதாவது முடிந்தது, 27 பேர். பத்தாவது, 30. பதினொன்று, 33. பன்னிரண்டு, 36. அதுவரை மேஜர் லீகில் யாரும் ஒரே ஆட்டத்தில் இவ்வளவு தூரம் போனதில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஸ்கோர் பலகை எதிரிலேயே இருந்ததால், தான் ஹிட் எதுவும் கொடுக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். பெர்ஃபெக்ட் கேம் என்பதுதான் நிச்சயமாகத் தெரியாது. ஆரம்ப இன்னிங்ஸ்களில் யாரையாவது வாக் விட்டிருப்பேனோ என்று ஒரு சந்தேகம் இருந்ததாக ஆட்டம் முடிந்தபின் சொன்னார். ஆக, வீசியவர் மனதில் இல்லாத அந்த 36 ஸ்கோர் எழுதுகிறவரின் தாளில்தான் இருந்தது. உழைப்பை எண்கள் திருடின என்கிறீர்கள். அந்த உழைப்பின் முழு அளவையும் அவருக்கே எடுத்துச்சொன்னது எண்கள்தான்.

பதின்மூன்றாவது இன்னிங்ஸ். முதலில் வந்தவர் ஃபீலிக்ஸ் மான்டீயா. ஆட்டத்தின் நடுவே மாற்றாக நுழைந்தவர். தரையோடு உருண்ட ஒரு சாதாரணப் பந்தை மூன்றாவது பேஸ் பக்கம் அடித்தார். டான் ஹோக் சுத்தமாக எடுத்தார், கைவசம் நேரமும் இருந்தது. முதல் பேஸுக்கு எறிந்த எறி தாழ்ந்து தரையில் குத்தியது, அங்கே நின்ற ராக்கி நெல்சனால் அடக்க முடியவில்லை. எர்ரர். பெர்ஃபெக்ட் கேம் அந்த இடத்தில் போயிற்று.

கவனியுங்கள், நோ-ஹிட்டர் (ஹிட்டே கொடுக்காத ஆட்டம்) இன்னும் போகவில்லை. ஃபீல்டரின் தவறால் பேஸை அடைந்தால் அது ஹிட் கணக்கில் வராது. அதைத் தவறு என்று தீர்மானிப்பவர் அம்பயர் அல்ல. பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர், அந்தக் காலத்தில் அவரும் ஒரு செய்தியாளர். கிரிக்கெட்டில் கைக்கு வந்த கேட்சைக் கோட்டைவிட்டவர் பெயர் ஸ்கோர் கார்டில் எங்கேயும் இருக்காது. இவர்கள் அதற்கென்று தனிக் கட்டமே வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாக்ஸ் ஸ்கோருக்கு (ஆட்டத்தின் கணக்குத் தாள்) உருவம் கொடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்தவர், கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். நம் ஸ்கோர் கார்டும் அவர்கள் ஸ்கோர் கார்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். அமெரிக்கா போன பிள்ளை கொஞ்சம் கறாராக வளர்ந்துவிட்டது.

அடுத்து மேத்யூஸ். லீகின் பெரிய அடிகாரர்களில் ஒருவரான அவர் மட்டையை மெல்லக் காட்டி பன்ட் வைத்து, தான் அவுட் ஆகி மான்டீயாவை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஒரு ரன்னுக்காக எதையும் கொடுக்கலாம் என்கிற கட்டம் அது. அடுத்தவர் ஆரன். அவரோடு மோத பைரேட்ஸ் விரும்பவில்லை. வேண்டுமென்றே வாக் கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். அடுத்து வரும் ஆட்காக் கால் மந்தமானவர், தரையோடு அடித்தால் இரண்டு பேரையும் ஒரே பந்தில் அவுட் ஆக்கிவிடலாம் என்று கணக்கு. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் ஸ்லைடர் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. ஆட்காக் அடித்த பந்து வலது-நடு வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது.

மூன்று ரன் ஹோம் ரன், 3–0, கதை முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? ஆரனும் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார், அதுதான் வினை. பந்து வேலியைத் தாண்டியதை அவர் கவனிக்கவில்லை. மான்டீயா ஓடி வந்தாலே வெற்றி என்பதால், இரண்டாவது பேஸைத் தொட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே ஓய்வறைப் பக்கம் நடையைக் கட்டிவிட்டார். பின்னால் ஓடிவந்த ஆட்காக் அவரைத் தாண்டிவிட்டார். முன்னே ஓடுகிறவரைப் பின்னே வருகிறவர் தாண்டினால் தாண்டியவர் அவுட். அன்றிரவு அம்பயர்கள் சொன்ன முடிவு 2–0. மறுநாள் நேஷனல் லீக் தலைவர் வாரன் கைல்ஸ் தீர்ப்பு சொன்னார்: ஆட்காக் அடித்தது ஹோம் ரன் அல்ல, டபுள் (இரண்டு பேஸுக்கான ஹிட்). மான்டீயாவின் ரன் மட்டும் செல்லும். 1–0.

இனி இது உங்கள் துறை. பாக்ஸ் ஸ்கோரை எப்படி டாலி செய்வார்கள் தெரியுமா? மட்டையெடுத்து வந்த ஒவ்வொருவரும் கடைசியில் மூன்றில் ஒரு பத்தியில் விழுந்தாக வேண்டும்: ரன் எடுத்தார், பேஸில் நின்றபடி மிஞ்சினார், அவுட் ஆனார். நான்காவது பத்தி கிடையாது. ஆகவே வந்தவர்களின் மொத்தம் மற்ற மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சரியாக வரவேண்டும். பிரேவ்ஸ் தரப்பில் வந்தவர்கள் 40: வரிசையாக வீழ்ந்த 36 பேர், பிறகு மான்டீயா, மேத்யூஸ், ஆரன், ஆட்காக். ரன் 1, மான்டீயா. மிஞ்சியவர் 1, ஆரன். அவுட் 38, அதாவது 36 பேரோடு மேத்யூஸும் ஆட்காக்கும். 1 + 1 + 38 = 40. சரியாக இருக்கிறது. பைரேட்ஸ் தரப்பில் வந்தவர்கள் 47, ரன் பூஜ்யம், மிஞ்சியவர்கள் 8, அவுட் 39. இதுவும் சரி.

பைரேட்ஸின் அந்த வரியைக் கொஞ்சம் பாருங்கள். 12 ஹிட்டில் எப்படி ஒரு ரன்கூட வராது என்கிற உங்கள் முதல் திகைப்புக்கு விடை அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டும் சிங்கிள். பிரேவ்ஸ் பிட்சர் லூ பர்டெட் ஒருவருக்கும் வாக் கொடுக்கவில்லை. 12 பேர் பேஸுக்குப் போனார்கள், அதில் 8 பேர் அங்கேயே மிஞ்சினார்கள். மீதி நான்கில் மூன்று இரட்டை அவுட்டில் அழிந்தது, ஒன்று மெஹியாஸின் ஓட்டம். பன்னிரண்டு ஹிட்டும் 13 இன்னிங்ஸில் சிதறிக் கிடந்தன. சேர்ந்து வந்தால்தான் ஹிட் ரன்னாகும். லூ பர்டெட் அதிர்ஷ்டத்தில் தப்பியவர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1957 வேர்ல்ட் சீரிஸில் மூன்று ஆட்டங்களை முழுதாக வீசி மூன்றையும் வென்றவர் அவர். பெரிதாக யாரையும் ஸ்ட்ரைக்-அவுட் (பந்தை அடிக்கவே விடாமல் அவுட்) செய்யாமல், தரையோடு அடிக்கவைத்து ஃபீல்டர்களிடம் வேலை வாங்குவது அவர் பாணி. அன்றும் 13 இன்னிங்ஸில் இரண்டே ஸ்ட்ரைக்-அவுட். இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அவரை ஒரு வாக்கியத்தில் கடந்துபோகிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. அன்றைக்கு ரன்னே கொடுக்காமல் வெளியேறிய ஒரே பிட்சர் அவர்தான்.

டாலிக்கே திரும்புவோம். நீங்கள் ரசிப்பீர்கள் என்றுதான் இதைச் சொல்கிறேன். 3–0 என்று வைத்தும் போட்டுப் பாருங்கள்: ரன் 3, மிஞ்சியவர் 0, அவுட் 37. மொத்தம் 40. அம்பயர்கள் சொன்ன 2–0? ரன் 2, மிஞ்சியவர் 0, அவுட் 38. அதுவும் 40. மூன்று முடிவும் பைசா சுத்தமாக டாலி ஆகிறது! கூட்டல் சரியாக வந்ததை வைத்து எது நடந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது பேஸ் அருகே யார் யாரைத் தாண்டினார் என்று ஒருவர் பார்த்திருக்க வேண்டும், இன்னொருவர் உட்கார்ந்து விதியைப் புரட்டித் தீர்ப்பு எழுதியிருக்க வேண்டும். புள்ளிவிவரத்தின் எல்லை பற்றி நீங்கள் கேட்டதற்கு, நான் இறங்கி வருகிற தூரம் இவ்வளவுதான்.

சரி, இன்னொரு படி இறங்குகிறேன். பாக்ஸ் ஸ்கோரில் தடயமே இல்லாத ஒரு சேதி உண்டு. பல வருடங்கள் கழித்து பிரேவ்ஸ் பிட்சர் பாப் ப்யூல் அதைப் போட்டு உடைத்தார். கேட்சர் பர்ஜஸால் நன்றாகக் குத்தவைத்து உட்கார முடியாது. அதனால் அவர் விரலால் காட்டுகிற சைகை வெளியே தெரியும். தூரத்தில் மாற்று பிட்சர்கள் உட்காரும் இடத்தில் இருந்து பைனாகுலரில் அதைப் பார்த்து, வேகப்பந்தா ஸ்லைடரா என்பதை ஒரு துண்டை நகர்த்தி மட்டைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். ஆரன் மட்டும் அந்த உதவி தனக்கு வேண்டாமென்றாராம். ஆரன் நீங்கலாக மற்றவர்களுக்கு வரப்போவது என்னவென்று தெரிந்தும் 36 பேர் வரிசையாக அவுட். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எழுத இடமில்லைதான். அதற்காக இருக்கிற கட்டங்கள் பொய்யாகிவிடாது.

இப்போது 1991. மேஜர் லீக் ஆணையர் ஃபே வின்சென்ட் தலைமையில் புள்ளிவிவரத் துல்லியத்துக்கான கமிட்டி செப்டம்பரில் கூடி, நோ-ஹிட்டர் என்றால் என்ன என்று வரையறுத்தது: ஒன்பதோ அதற்கு மேலோ இன்னிங்ஸ் ஆடப்பட்டு, ஹிட்டே இல்லாமல் முடிந்த ஆட்டம். அவ்வளவுதான். இதனால் 50 ஆட்டங்கள் பட்டியலில் இருந்து போயின. மழையாலோ இருட்டாலோ ஐந்தாறு இன்னிங்ஸில் நின்றுபோனவை, ஒன்பதுக்குப் பிறகு ஹிட் விழுந்தவை. ஹாடிக்ஸினுடையது இரண்டாம் வகை.

இதில் என்ன தப்பு, சொல்லுங்கள். பெர்ஃபெக்ட் கேம் என்பது முழு ஆட்டத்தைப் பற்றிய ஒரு கூற்று: இந்த ஆட்டத்தில் ஒருவரும் பேஸை அடையவில்லை. அன்றைய ஆட்டத்தில் மூன்று பேர் அடைந்தார்கள், ஒருவர் ஓடி வந்து ஜெயித்தும்விட்டார். 27 சிறியது, 36 பெரியது என்று நீங்கள் ஒப்பிடுவது வீழ்ந்தவர்களின் எண்ணிக்கையை. பட்டியல் கேட்பது ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஹாடிக்ஸை மட்டும் குறிவைத்துத் தூக்கியதாகவும் நினைக்க வேண்டாம். 1995இல் பெட்ரோ மார்ட்டினெஸ் சான் டியேகோவுக்கு எதிராக ஒன்பது இன்னிங்ஸ் பெர்ஃபெக்டாக வீசி பத்தாவதில் ஒரு டபுள் கொடுத்தார், அவரும் பட்டியலில் இல்லை. 2017இல் ரிச் ஹில் கதை இதைவிடச் சங்கடம். எட்டு இன்னிங்ஸ் பெர்ஃபெக்ட், ஒன்பதாவதில் மூன்றாவது பேஸ் ஃபீல்டர் விட்ட எர்ரர், பத்தாவதில் ஒரு ஹோம் ரன், 1–0 தோல்வி. ஜெயித்த அணி எது தெரியுமா? பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். 58 வருடம் கழித்து யாருக்கோ திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

முக்கியமாக, 1991இல் பாக்ஸ் ஸ்கோரில் ஓர் எழுத்தையும் யாரும் தொடவில்லை. 40 பேர், 38 அவுட், ஒரு ஹிட், 8 ஸ்ட்ரைக்-அவுட், ஒரு வாக். 1959இல் எழுதியது அப்படியே இருக்கிறது. தொடர்ந்து 36 பேர் என்பது ஒரே ஆட்டத்துக்கான சாதனையாக இன்றும் அவர் பெயரில்தான். பல ஆட்டங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் 2014இல் யூஸ்மெய்ரோ பெட்டிட் 46 வரை போனார், அது வேறு வகை. பட்டியலில் இருந்து எடுத்தது பற்றிக் கேட்டபோது ஹாடிக்ஸ் சொன்னது, ‘பரவாயில்லை, நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும்.’ உங்கள் அளவுக்குக்கூட அவருக்குக் கோபம் வரவில்லை.

அப்படியானால் அநியாயம் எங்கே? பாக்ஸ் ஸ்கோரில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘தோல்வி’ என்று ஒரு குறி இருக்கிறதே, அதில். பேஸ்பாலில் அணி மட்டும் தோற்பதில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பிட்சர் பெயரில் வெற்றியும், எதிரணி பிட்சர் ஒருவர் பெயரில் தோல்வியும் எழுதியாக வேண்டும். ஹாடிக்ஸ் கொடுத்த அந்த ஒரு ரன் ஹோக்கின் தவறில் முளைத்தது என்பதால் அவருடைய சொந்தக் கணக்கில் ஏறாது. பிட்சரின் தரத்தைச் சொல்லும் ரன் சராசரிக்கு (குறைந்தால் நல்லது) அன்றைய வரவு பூஜ்யம். அதாவது 12⅔ இன்னிங்ஸ் வீசி அவருடைய சராசரி அன்றிரவு மேம்படத்தான் செய்தது. ஒரே தாளில் ஒரு பத்தி இவர் ரன்னே தரவில்லை என்கிறது, பக்கத்துப் பத்தி இவர்தான் தோற்றார் என்கிறது. இரண்டில் எது அவரைப் பற்றியது? முதலாவது மட்டும்தான். இரண்டாவது பதில் சொல்ல வேண்டியது மெஹியாஸின் கால்கள், எதிர்க்காற்று, ஹோக்கின் கை, மட்டையெடுத்து வந்து ஒன்றும் செய்யாத மற்ற எல்லோரும். அந்த ஆண்டு முடிவில் ஹாடிக்ஸின் கணக்கு 12 வெற்றி, 12 தோல்வி. சராசரியான பிட்சர் என்று அது சொல்லும். அவருடைய ரன் சராசரி 3.13, அது வேறு மாதிரி சொல்லும்.

அந்த வெற்றி-தோல்விப் பத்தியின் லட்சணம் தெரிய வேண்டுமானால் அடுத்த ஆண்டுக்குப் போங்கள். 1960 அக்டோபர் 13, பிட்ஸ்பர்க் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு, வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். எதிரே நியூயார்க் யாங்கீஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் 9–7 என்று முன்னணி. இரண்டு பேர் பேஸில் இருக்கும்போது ஹாடிக்ஸை உள்ளே அனுப்புகிறார்கள். ஒருவரை அவுட் ஆக்குகிறார். மிக்கி மேன்டில் சிங்கிள் அடிக்க, ஒரு ரன் வருகிறது. யோகி பெர்ரா அடித்த பந்தை முதல் பேஸில் நின்ற அதே ராக்கி நெல்சன் எடுக்கிறார். பெர்ரா அவுட், ஆனால் அதற்குள் அடுத்த ரன்னும் வந்து 9–9. கையில் இருந்த முன்னணி போயிற்று. பதிலுக்கு ஆடவந்த பில் மசரோஸ்கி முதல் ஆளாக இறங்கி ஹோம் ரன் அடித்தார். பைரேட்ஸ் உலகச் சாம்பியன். வெற்றி பெற்ற பிட்சர்? ஹார்வி ஹாடிக்ஸ்.

12 இன்னிங்ஸ் அப்பழுக்கில்லாமல் வீசியதற்குத் தோல்வி, முன்னணி கைநழுவிய ஒரே இன்னிங்ஸுக்கு வெற்றி. அந்த ரன்கள் அவர் விட்டவை அல்ல, முன்பிருந்தவர் விட்டுப்போனவை, அது வேறு விஷயம். இரண்டையும் எழுதியது ஒரே பத்தி, ஒரே விதி. வின்சென்ட் கமிட்டியைத் திட்டுகிற நேரத்தில் இந்தப் பத்தியைத் திட்டியிருந்தால் உங்களோடு நானும் சேர்ந்திருப்பேன். ஆறுதலான செய்தி, அமெரிக்காவிலேயே விவரம் தெரிந்தவர்கள் பிட்சரை எடைபோட இப்போது இந்தப் பத்தியை அதிகம் பார்ப்பதில்லை. அதைக் கவிழ்த்தது கவிதை அல்ல, இதைவிட நுணுக்கமான எண்கள்.

ஒரு சின்னத் தகவல், சிரிப்பதற்காக. அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஹாடிக்ஸுக்கு ஏராளமான கடிதங்கள் வந்தன. டெக்சாஸ் கல்லூரி மாணவர்கள் சிலர் அனுப்பியதில் அவர் பெயருக்குக் கீழே இரண்டே சொற்கள். இங்கே அச்சிட முடியாத ஒரு வசவும், ‘என்ன செய்ய, போச்சு’ என்கிற தொனியும். முதலில் அவருக்குக் கோபம் வந்ததாம். பிறகு யோசித்துப் பார்த்தால் நடந்தது அதேதான் என்று பட்டதாம்.

கடிதத்தின் பின்குறிப்பில் இந்த பாக்ஸ் ஸ்கோர்களைப் படிக்க எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன 1960 ஏழாவது ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். தொடர் முழுக்க யாங்கீஸ் 55 ரன், பைரேட்ஸ் 27 ரன், ஆனாலும் 4–3 என்று ஜெயித்தவர்கள் பைரேட்ஸ். உங்கள் 12க்கு 1 புதிரின் பெரிய அண்ணன் அது. அந்த ஏழாவது ஆட்டத்தில் 19 ரன் வந்தது, இரு தரப்பிலும் சேர்த்து ஒரு ஸ்ட்ரைக்-அவுட் கிடையாது. வேர்ல்ட் சீரிஸில் அப்படி வேறு ஆட்டம் இல்லை. இரு அணிகளையும் டாலி போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். யாங்கீஸ் பக்கம் கூட்டும்போது, கடைசிவரை பேஸில் மிஞ்சியவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் பாருங்கள்.

அன்புடன்.